கடைத் திருகாணிகள்: எவ்வளவு முறுக்குவது?

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் கடையில் மூன்று நாளாக மீன் வாடை அடித்துக்கொண்டிருந்தது. மளிகையோடு கருவாடும் வைத்து வியாபாரம் செய்யும் கடை அது. "அண்ணாச்சி, நெத்திலி ஈரம் பட்டுட்டுது போல" என்று கடைப்பையன் சொல்ல, கருவாடு முழுவதையும் மாடியில் கொட்டிக் காயவைத்து எடுத்தார்கள். வாடை போகவில்லை. நான்காம் நாள் காலையில் மெயினைப் போட்டதும் போர்டுக்குள் 'சர்' என்று ஒரு சத்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், எம்.சி.பி.யின் கீழ்த் திருகில் மாட்டியிருந்த வயரின் உறை நான்கு விரல் நீளத்துக்குக் கருகி உரிந்திருந்தது. போர்டுக்கு ஒரு முழம் தள்ளி அடுக்கியிருந்தது என்ன தெரியுமா? காலி அட்டைப் பெட்டிகளும், கார்த்திகை வரைக்கும் வருமென்று வாங்கிப் போட்ட கற்பூரமும்.

எலக்ட்ரீஷியன் வந்து அந்தத் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். முழுதாக ஒன்றரைச் சுற்று உள்ளே போயிற்று. புதிதாகப் போர்டு மாற்றி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சேதம் ஒரு எம்.சி.பி.யும் இரண்டடி வயரும் மட்டுமே என்பது அவருடைய அதிர்ஷ்டம். சுவிட்ச், பிளக், எம்.சி.பி. இவற்றில் உள்ள பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடானால் மீன் வாடையைப் போன்ற ஒரு வாடை வருவதுண்டு. கருவாடு விற்காத கடையாக இருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இதைப் பார்த்த பிறகு நம் பகுதியில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு நாம் நேரில் போய், போர்டையும் ரேக்கையும் மின்விசிறியையும் பார்த்தோம். எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. திருகாணி முறுக்குவதற்குப் பாடமா என்று உறுப்பினர்கள் சிரிக்க வேண்டாம். 'மரை கழன்றவன்' என்று ஆளைத் திட்டத் தெரிந்த நமக்கு, கடையில் எந்த மரை கழன்றிருக்கிறது என்று தெரிவதில்லை.

திருகாணி என்ன வேலை செய்கிறது?

லாரியில் பீப்பாய் ஏற்றும்போது நேராகத் தூக்காமல் பலகையைச் சாய்த்து உருட்டி ஏற்றுகிறோம் அல்லவா? அந்தச் சாய்வுப் பலகையை ஒரு கம்பியைச் சுற்றி ஒட்டியது போன்றதுதான் மரை. நம் ரேக்குகளில் போடும் 8 மில்லிமீட்டர் போல்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் நட்டு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நகரும். அவ்வளவு மெல்லிய சாய்வு என்பதால்தான் கையால் முறுக்கியே பெரிய இறுக்கத்தை உண்டாக்க முடிகிறது.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். மரையும் மரையும் கடித்துக்கொண்டு நிற்பதால் பிடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நட்டு முட்டிய பிறகு மேலும் முறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போல மிகச் சிறிய அளவு நீள்கிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு தகடுகளையும் சேர்த்து நெரித்துப் பிடிக்கிறது. முறுக்கு குறைந்தால் ஸ்பிரிங் நீளவே இல்லை என்று பொருள். அதிர்ச்சியில் நட்டு தானாகவே கழலும். முறுக்கு மிஞ்சினால் ஸ்பிரிங் தன் தாங்கும் எல்லையைக் கடந்து நீண்டுபோய்த் திரும்பச் சுருங்காது. பார்வைக்கு இறுகியிருக்கும், பிடிப்பு இருக்காது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் தலை துண்டாகிக் கையோடு வரும்.

இதில் நம் வியாபாரிகளுக்கு எளிதில் புரியும் கணக்கு ஒன்று உண்டு. நூறு ரூபாய்க்கு முறுக்கினால் நூறு ரூபாயும் இறுக்கமாக நமக்குக் கிடைப்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது ரூபாய் நட்டின் அடிப்பாகம் தகட்டோடு உராய்வதில் போய்விடுகிறது. நாற்பது ரூபாய் மரைகளுக்குள் உராய்வதில் போகிறது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு எல்லாம் போக நம் கையில் மிஞ்சுவது பத்து ரூபாய்தான். அந்தப் பத்துதான் போல்ட்டை நீட்டி இறுக்கம் தருகிறது. துருப்பிடித்த போல்ட்டில் உராய்வு கூடும், பத்து ஐந்தாகிவிடும். கை வலிக்க முறுக்கியும் பிடிப்பு பாதிதான். எண்ணெய் பட்ட போல்ட்டில் உராய்வு குறையும். அதே கைபலத்தில் பத்து பதினைந்தாகிவிடும், போல்ட் இழுபட்டுவிடும். எண்ணெய் டின் ஒழுகி ரேக்கின் போல்ட்டெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும். போல்ட்டைத் துடைத்துக் காய்ந்த நிலையில்தான் முறுக்க வேண்டும்.

'கைப்பக்குவம்' போதுமா?

சமையலுக்குக் கைப்பக்குவம் சரி. திருகாணிக்கு அது போதாது. துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பொருத்துகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். மேல்நாடுகளில் வேட்டைக்காரர்களும் குறிபார்க்கும் போட்டிக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். தொலைநோக்கியின் குழாய் மெல்லிய அலுமினியம். 1 அங்குலம் அல்லது 30 மில்லிமீட்டர் விட்டம். அதை இரண்டு வளையங்களுக்குள் வைத்துச் சிறு திருகுகளால் பிடிக்கிறார்கள். திருகு தளர்ந்தால் சுடும்போது வரும் உதையில் குழாய் நகர்ந்து குறி தவறும். அதிகம் இறுகினால் குழாய் நசுங்கி, உள்ளே இருக்கும் வில்லைகளை நகர்த்தும் பகுதி சிக்கிக்கொள்ளும். ஆகவே வளையத் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல பவுண்டு என்று ஓர் அளவை வைத்து, அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று நழுவிவிடும் ஸ்க்ரூ டிரைவரால் முறுக்குகிறார்கள். ஒரே திருகை ஒரே மூச்சில் இறுக்கிவிடுவதும் இல்லை. குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்குகிறார்கள்.

இந்த அளவு நம் கணக்கில் ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். திருகின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 2 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம் போர்டில் உள்ள எம்.சி.பி.யின் திருகுக்கும் பெரும்பாலும் 2 முதல் 3 நியூட்டன் மீட்டர்தான் கேட்பார்கள். எம்.சி.பி.யின் பக்கவாட்டிலோ அதன் அட்டைப் பெட்டியிலோ அந்த எண் அச்சாகியிருக்கும். நாம் போன கடைகளில் அந்த எண்ணைப் படித்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. சரக்குப் பையில் உற்பத்தித் தேதி அச்சாகவில்லை என்றால் கம்பெனி ஆளிடம் சண்டை போடும் நாம், இதை மட்டும் படிப்பதில்லை.

ரேக் போல்ட்டுக்கு வருவோம். குறியீடு ஏதும் இல்லாத சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். இதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை; நம் கடையில் தொங்கும் கொக்கித் தராசே போதும். ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டி, போல்ட்டின் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்கு நேர் குறுக்காக இழுக்க வேண்டும். தராசு 7 கிலோ காட்டும்போது நிறுத்திவிடலாம். அந்தச் சிறு போல்ட் அப்போது இரண்டு தகடுகளையும் 600 கிலோவுக்கு மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். பத்து போல்ட் இப்படி இறுக்கினால் பையனின் கைக்கு அந்த அளவு பழகிவிடும். அதன்பின் தராசு வேண்டாம். மாதம் ஒருமுறை நான்கைந்து போல்ட்டில் மட்டும் மறுபடி தராசு வைத்துச் சரிபார்த்தால் போதும்.

ரேக் எப்படி விழுகிறது?

ஐந்து தட்டு ரேக் ஒன்றில் தட்டுக்கு எட்டு 15 கிலோ டின் வீதம் வைத்தால் 600 கிலோ. இதில் ஒரு தட்டின் ஒரு மூலைக்கு வருவது 30 கிலோதான். அவ்வளவுதானே, ஒரு போல்ட் போதுமே என்று ரேக் மாட்டுகிற ஆள் சொல்வார். எடையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் ரேக் நேராகக் கீழே இறங்கி விழுவதில்லை; பக்கவாட்டில் சாய்ந்துதான் விழுகிறது. மூலைக்கு ஒரு போல்ட் என்றால் அது கீல் போலத் திரும்பும். இரண்டு போல்ட்டும் ஒரு கார்னர் பிளேட்டும் இருந்தால்தான் மூலை மூலையாகவே நிற்கும். ஸ்லாட்டட் ஆங்கிளில் உள்ள துளைகள் நீளவாட்டில் இருப்பதால், போல்ட் தளர்ந்ததும் தட்டு அந்தத் துளைக்குள்ளேயே நகர இடம் இருக்கிறது. மேல்தட்டுச் சரக்கை எடுக்கப் பையன் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறுகிறான் (ஏறவே கூடாது, யார் கேட்கிறார்கள்!). ரேக் ஒரு விரற்கடை ஆடுகிறது. அடுத்த மாதம் இரண்டு விரற்கடை. பிறகு ஒருநாள் முழுதாகச் சாய்கிறது.

புது ரேக் பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றிவிட வேண்டும். பிறகு ரேக்கை நிமிர்த்தி நிறுத்தி, பின்பக்கத்தின் இரண்டு குறுக்கு மூலை அளவுகளையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக வந்தால்தான் ரேக் செங்கோணத்தில் இருக்கிறது என்று பொருள். சமமாகும்வரை தட்டிச் சரிசெய்து, அதற்குப் பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். கீழ்மூலை, எதிர் மேல்மூலை என்று மாற்றி மாற்றிப் பாதி முறுக்கு. இரண்டாம் சுற்றில் முழு முறுக்கு. ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரேக் கோணலாகவே இறுகிவிடும். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.

சரக்கு ஏற்றி ஒரு வாரம் கழித்து ஒருமுறை மறுபடி இறுக்குவது முக்கியம். ஆங்கிளின் மேல் உள்ள பெயின்ட் நசுங்கி உட்காருவதால் முதல் இறுக்கத்தில் ஒரு பகுதி தானாகவே குறைந்துவிடும். அது ஆளின் தவறு அல்ல, பொருளின் இயல்பு.

மாவு மில், காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இவை பக்கத்தில் இருக்கும் ரேக்குகளுக்கு அதிர்ச்சிதான் எதிரி. அதற்கு ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறோமே என்பார்கள். ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் என்பவர் 1969ஆம் ஆண்டில், பக்கவாட்டில் அதிரும்போது போல்ட் எப்படித் தானாகக் கழல்கிறது என்பதைச் சோதனை செய்து காட்டினார். அந்த வகைச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் காப்பாற்றவில்லை. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு நல்லது. அது கிடைக்காத இடத்தில் ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டை வைத்து எதிரெதிராக இறுக்கலாம்.

செலவில்லாத உபாயம் ஒன்று: இறுக்கி முடித்த நட்டின் மேலிருந்து ஆங்கிள் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு சிறிது திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். ஆகாய விமானங்களில் இதற்கென்றே செய்த வண்ணப் பசையால் இப்படித்தான் கோடு போடுகிறார்கள். கடை பெருக்கும்போதே பையன் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மெயின் போர்டு

இப்போது கருவாட்டுக் கடைக்குத் திரும்புவோம். அந்த அண்ணாச்சி கேட்ட கேள்வி இது: "வயரே கருகியிருக்கு, எம்.சி.பி. ஏன் விழவில்லை? கம்பெனி சரக்குதானே வாங்கினேன்?"

எம்.சி.பி. பார்ப்பது மின்சாரம் அளவுக்கு மேல் ஓடுகிறதா என்பதை மட்டும்தான். திருகு தளர்ந்திருந்தால் ஓடும் மின்சாரம் கூடுவதில்லை. தளர்ந்த இடத்தில் மின்தடை உண்டாகி அந்த ஓர் இடத்தில் மட்டும் சூடு பிறக்கிறது. எவ்வளவு சூடு என்றால், ஓடும் ஆம்பியரை அதே எண்ணால் பெருக்கி, அந்த இடத்தின் மின்தடையால் மறுபடி பெருக்க வேண்டும். இரண்டு டீப் ப்ரீசர், ஒரு கிரைண்டர், விளக்குகள் எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர் ஓடுகிறது, தளர்ந்த திருகின் தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 31 வாட் வருகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படிப்பட்ட ஒன்றைப் போர்டுக்குள் வைத்து மூடிவிட்டு, வெளியே கற்பூரம் அடுக்கியிருக்கிறோம். சூடேறினால் உலோகத்தின் மேல் பாசி பிடித்தது போல் ஒரு படிவம் உண்டாகி, தடை இன்னும் கூடும், சூடும் கூடும். ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுபிடிக்காது. அது பார்ப்பது மின்கசிவை மட்டுமே.

மும்முனை இணைப்பு வைத்திருக்கும் மொத்தக் கடைக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நியூட்ரல் திருகு தளர்ந்தால் 230 வோல்ட் என்பது நிலையில் நிற்காது. ஒரு பேஸில் 150க்கு இறங்கும், இன்னொரு பேஸில் 300ஐத் தாண்டும். ப்ரீசர் கம்ப்ரஸர், பில் போடும் கம்ப்யூட்டர், மின்னணுத் தராசு மூன்றும் ஒரே நிமிடத்தில் போய்விடும். ஒரு பக்கம் விளக்கு மங்கி, மறுபக்கம் விளக்கு அதிகமாக எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட வேண்டும்.

இந்தத் திருகுகளை முறுக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. மெயினை அணைத்த பிறகும் அதற்கு மேலே வந்து சேரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பையனை ஸ்க்ரூ டிரைவருடன் போர்டுப் பக்கம் அனுப்பவே கூடாது. மீட்டர் பெட்டியின் முத்திரைக்கு உட்பட்டது மின்வாரியத்தின் பொறுப்பு. ஆனால் எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று நாம் பார்க்கலாம், கேட்கலாம். கூலி நாம்தானே தருகிறோம்?

முதலில் அவர் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். பலர் டெஸ்டராலேயே திருகை முறுக்கிவிடுகிறார்கள். டெஸ்டரின் வாய் சிறியது, கைப்பிடி ஒல்லி. 2 நியூட்டன் மீட்டர் அதில் வரவே வராது. திருகின் தலைதான் சிதையும். ஸ்டார் திருகுக்குத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் அளவில் கனமான கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அளவு வைத்து முறுக்கும் ஸ்க்ரூ டிரைவர் இன்று கிடைக்கிறது. அதை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு ஐம்பது நூறு கூடுதலாகக் கொடுத்தாலும் நமக்கு நட்டமில்லை.

அடுத்து வயர் நுழையும் இடம். எம்.சி.பி.யின் திருகு ஒரு சிறு கூட்டை மேலே இழுத்து வயரைப் பிடிக்கிறது. வயர் கூட்டுக்குள் போகாமல் அதன் பின்னால் போய்விடுவது உண்டு. அப்போது திருகு நன்றாக இறுகும், கைக்கும் இறுகியது போலவே தெரியும், வயர் மட்டும் சும்மா நிற்கும். நம் கருவாட்டுக் கடையில் அப்படியில்லை, வெறும் தளர்வுதான். ஆனால் வேறு இரண்டு கடைகளில் இதையே கண்டோம். திருகிய பின் ஒவ்வொரு வயரையும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறை திருகுக்கு அடியில் சிக்கியிருக்கக் கூடாது. கம்பி இழைகளில் இரண்டை நறுக்கிவிட்டு நுழைப்பதும் கூடாது. இழைகளின் நுனியில் ஈயம் பற்றவைத்து நுழைப்பது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி இடம் கொடுத்து, சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். அதற்குப் பதில் செம்புக் குழல் மாட்டி நசுக்கி நுழைக்க வேண்டும்.

அலுமினிய வயரிலும் இதே குறை. அமெரிக்காவில் செம்பு விலை ஏறியபோது 1965 முதல் சில ஆண்டுகள் வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். 1972க்கு முந்தைய அலுமினிய வயர் உள்ள வீடுகளில், இணைப்பு தீப்பிடிக்கும் நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு செம்பு வயர் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. நம் பஜார்களிலும் பழைய கட்டடங்களில் அலுமினிய வயர் இன்னும் இருக்கிறது. வாடகைக் கட்டடம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், சரக்கு நம்முடையது.

பழைய போர்டை மாதாமாதம் இறுக்கச் சொல்லும் சிலரையும் பார்த்தோம். அதுவும் தவறுதான். ஒவ்வொரு முறையும் கால் சுற்று சுற்றினால் இழைகள் வெட்டுப்பட்டு, கூடு பிளந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, எல்லாச் சாமான்களும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, எந்தத் திருகு மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்று தொடாமல் அளக்கும் வெப்பமானியால் எலக்ட்ரீஷியன் பார்த்து, சூடானதை மட்டும் மின்சாரத்தை அணைத்துச் சரிசெய்வதே முறை. 2020இல் கொரோனா நேரத்தில் வாடிக்கையாளர் நெற்றியைப் பார்க்க நாம் வாங்கிய கருவிகளில் பல குறுகிய வெப்ப அளவுக்கே செய்தவை. அவை இந்த வேலைக்கு உதவா.

தவறான திருகும் ஸ்டோர்காரர் சொன்னதும்

சரியாக முறுக்கியும் கெட்ட கதை ஒன்று உண்டு. 1990 ஜூன் 10ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5390ஆம் விமானம் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பியது. 17,000 அடிக்கு மேல் ஏறியபோது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்டனில் பத்திரமாக இறக்கினார். விமானி பிழைத்தார்.

காரணம் என்ன? முந்தைய நாள் இரவு வேலையில் கண்ணாடியை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு மெலிந்தவை. மற்ற 6 பருமன் சரி, நீளம் குட்டை. பொருத்திய மேற்பார்வையாளர், கழற்றிய பழைய போல்ட்டோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். அந்தப் பழைய போல்ட்டே சரியானதல்ல. இந்தக் கண்ணாடிக்கு வேறு எண் போல்ட்தான் போடுவார்கள் என்று ஸ்டோர் பொறுப்பாளர் அவரிடம் சொல்லியும் இருந்தார். அவர் கேட்டது ஸ்டோரில் போதிய இருப்பு இல்லை. வெளிச்சம் குறைந்த வேறோர் இடத்துக்குப் போய் எடுத்துவந்துவிட்டார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கண்ணளவில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாது. ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள், வாடிக்கையாளர் ஒரு பழைய போல்ட்டைக் கொண்டுவந்து "இதே மாதிரி கொடுங்க" என்றால், நட்டை ஏற்றிப் பார்த்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுப்பது நல்லது.

மின்விசிறி, பாட்டரி, தராசு

மின்விசிறியின் தொங்கு கம்பியில் மேலும் கீழும் ஒவ்வொரு போல்ட் உண்டு. போல்ட்டின் நுனித் துளையில் ஒரு பிளவு ஊசி போட்டு இரண்டு காலையும் விரித்துவிட வேண்டும். பல கடைகளில் அந்த ஊசியே இல்லை. சில இடங்களில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறது. கல்லாவுக்கு நேர் மேலே சுற்றும் விசிறியையாவது இந்த வாரமே ஏணி வைத்துப் பாருங்கள்.

இன்வர்ட்டர் பாட்டரியில் 12 வோல்ட்தானே என்று எண்ண வேண்டாம். வோல்ட் குறைவு என்பதால் ஆம்பியர் அதிகம். 600 வாட் இழுத்தால் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதன் முனைகள் மென்மையான ஈயம். அதிகம் முறுக்கினால் முனை திரும்பி அடியில் கசியும். கழற்றும்போது கழித்தல் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் வைத்துக்கொண்டால், ஸ்பேனர் எங்காவது பட்டுத் தீப்பொறி வருவது தவிரும். சுத்தமான உலோகத்தில் இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம்.

கடைசியாக, நாம் முறுக்கவே கூடாத திருகுகள் தராசில் உள்ளவை. மின்னணுத் தராசின் அடியில் எடை உணரும் பாகத்தைப் பிடித்திருக்கும் திருகுகளின் இறுக்கம் மாறினால் எடை காட்டுவதும் மாறும். முத்திரையிட்ட திருகைத் தொட்டால் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நாம்தான் பதில் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற ரிப்பேர்காரர் பிரித்து, மறு முத்திரை பெற்றுத்தான் பயன்படுத்தலாம். நம் கைக்கு உட்பட்டது கீழே உள்ள நான்கு கால்கள் மட்டும். கால்களைத் திருகி, நீர்மட்டக் குமிழி வட்டத்தின் நடுவில் வந்ததும், காலின் மேல் உள்ள நட்டைத் தராசின் அடித்தகடு வரை ஏற்றி விரலால் இறுக்குங்கள். ஸ்பேனர் வேண்டாம். பிறகு 5 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எடை வரவில்லை என்றால் அன்றே ரிப்பேர்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.